விற்கப் போகிற வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

கேள்வி: வணக்கம் சார். வேலூர் சத்துவாச்சாரியில் அப்பா 1993-ல் கட்டிய வீடு. இரண்டு பெட்ரூம், மேலே மொட்டை மாடி. அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அம்மா என்னோடு பெங்களூரில் இருக்கிறார், வீடு பூட்டியே கிடக்கிறது. தை பிறந்ததும் விற்றுவிடலாம் என்று இருக்கிறோம். மொசைக்கைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஹாலில் ஃபால்ஸ் சீலிங் எல்லாம் போட்டால் நல்ல விலை வரும், 6 லட்சம் ஆகும் என்கிறார் அண்ணன். பழைய வீடுதானே, அப்படியே தள்ளிவிடலாம் என்கிறார் என் கணவர். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. நான் இந்த ஊரில் வீடு கட்டவும் பழுது பார்க்கவும் தொடங்கி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாங்க வருகிறவர்கள் கூடவே போய் வீடு பார்த்துச் சொல்வதும் உண்டு. அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். வருகிறவர் அலங்காரத்துக்காக விலையைக் கூட்டித் தருவதில்லை, ஆனால் மனதில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால் அதற்கு விலையில் நிச்சயம் கழிப்பார். சுவரில் ஒரு ஈரத்திட்டு கண்ணில் பட்டால், அதைச் சரி செய்ய ஆகிற உண்மையான செலவைப்போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு கழித்துக் கேட்பதை எத்தனையோ முறை நேரில் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது, பயத்தில்தான் கேட்கிறார். அந்தப் பயத்தைப் போக்கத்தான் உங்கள் பணம் போக வேண்டும். என் கணக்கில் அண்ணன் சொல்லும் தொகையில் பாதிகூட ஆகாது.

இப்போது மழைக்காலம், இதைத் தவறவிடாதீர்கள். ஒரு சனி ஞாயிறு ஊருக்கு வாருங்கள், மழை பெய்கிற நாளாக இருந்தால் ரொம்ப நல்லது. கையில் ஒரு பென்சில் போதும். கூரையிலும் சுவரிலும் ஈரம் தெரியும் இடத்தையெல்லாம் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்பதை வைத்தே அது மழைத் தண்ணீரா, பாத்ரூம் குழாய்க் கசிவா என்று பாதி தெரிந்துவிடும். மழை நின்ற பிறகும் காயாமல் இருந்தால் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் மாடி. அந்தக் காலத்து வீடுகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதற்கு மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓடு நன்றாகவே இருக்கும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் விட்டுப்போயிருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும் இடம், மழைநீர்க் குழாயின் வாய், இந்த மூன்றையும் குனிந்து பாருங்கள். குழாய் வாயில் வேப்பிலை அடைத்து, தண்ணீர் தேங்கி, அதனாலேயே ஒழுகும் வீடுகள் பாதி. சந்துகளைச் சுரண்டி மறுபடி அடைத்து, மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூலிங் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் போதும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் 12 மணிக்கு வீடு பார்க்க வருகிறவர் ஹாலில் நின்று நிமிர்ந்து பார்ப்பது கூரையைத்தான், அங்கே அனல் இறங்காவிட்டால் வீடு அவருக்குப் பிடித்துவிடும்.

ஃபால்ஸ் சீலிங் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், முப்பது வருஷத்துக்கு மேலான வீட்டில் புதிதாக அதைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி, மேலே எதை மறைத்திருக்கிறீர்கள் என்பதுதான். காட்பாடி பக்கம் ஒரு வீட்டில் நானே ஏணி போட்டு ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பேரம் அன்றோடு முறிந்துபோனது. இதில் சட்டமும் இருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. கரையானும் அப்படித்தான். நிலைக்கதவு ஓரத்திலோ பரணிலோ மண் கோடு தெரிந்தால் துடைத்து மறைக்காதீர்கள், மருந்து அடித்து அந்த ரசீதை ஃபைலில் வையுங்கள்.

மொசைக்கைப் பெயர்க்கவே பெயர்க்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 1993-ல் போட்ட மொசைக் இன்றைக்கு எளிதில் கிடைக்காத பொருள். மங்கிப்போனது மேல் தோல்தான். மெஷின் வைத்து முதலில் கரடான கல், அப்புறம் நைசான கல் என்று தேய்த்து, நடுவில் சிமெண்ட் பால் பூசி ஊசித்துளைகளை அடைத்து, கடைசியில் ஆக்சாலிக் பவுடர் தூவி ஒரு ஓட்டம் ஓட்டினால், உங்கள் அப்பா கிரகப்பிரவேசம் செய்த அன்று இருந்த பளபளப்பில் நிறையத் திரும்பி வரும். ஒரு எச்சரிக்கை மட்டும். தேய்க்கும்போது பால் மாதிரி சேறு வரும், அதை ஆட்கள் பாத்ரூம் துவாரத்தில் தள்ளிவிடுவார்கள். உள்ளே போய் இறுகினால் குழாயை உடைக்க வேண்டியதுதான். வாளியில் அள்ளி வெளியே கொட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். வீட்டைக் கழுவுகிறேன் என்று யாராவது ஆசிட் பாட்டிலை எடுத்தாலும் தடுத்துவிடுங்கள், மொசைக்கில் உள்ள சலவைக்கல் சில்லையே அது அரித்துவிடும்.

பாத்ரூமில் குழாய்களில் வெள்ளையாக உப்பு கட்டியிருக்கும், போர் தண்ணீர் அப்படி. பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றி ஒரு மணி நேரம் கட்டி வைத்துத் தேய்த்தால் போய்விடும். போகாத குழாயை மாற்றிவிடுங்கள், சொட்டுகிற குழாயை யோசிக்காமல் மாற்றுங்கள். பூட்டிய வீட்டில் சாக்கடை நாற்றம் வருகிறதா? தரைத் துவாரத்துக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனதால் வருவது அது. ஒவ்வொரு துவாரத்திலும் அரை வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது, கரப்பான் பூச்சி ஏறி வருவதும் குறையும். வருகிறவர் எப்படியும் ஒரு குழாயைத் திறந்து பார்ப்பார், அதனால் மோட்டாரை மாதம் ஒருமுறையாவது ஓட்டி வைத்திருங்கள். போர் எத்தனை அடி, கோடையில் எப்படி, மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லத் தயாராக இருங்கள். நம் ஊரில் சமையலறைக்கு முன்னால் தண்ணீரைத்தான் கேட்பார்கள்.

மாடுலர் கிச்சன் போடுவது உங்கள் ரசனைக்கு, சமைக்கப் போவது வேறொருவர். மேடையைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்குப் போக்கி, அலமாரிக் கதவு தொங்கினால் கீலை மாற்றினால் போதும்.

பெயிண்ட் கடைசியில். சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிர்கிற ஓதம் இருந்தால் அதன் மேல் பட்டி பார்த்து அடிப்பது வீண், இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். அந்த இடத்தைச் செங்கல் தெரியக் கொத்தி, காயவிட்டு, பூசி, மறுபடி காயவிட வேண்டும், புதுப்பூச்சுக்கு நாலு வாரம் கொடுங்கள். மழை குறைந்ததும் கொத்து வேலையைத் தொடங்கினால் மார்கழிக் கடைசியில் பெயிண்டுக்கு வரலாம், தை முதல் வாரம் அடித்துக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை, அந்த வாசனை போனபின் வீடு பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். உள்ளே வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரே நிறம். வாசல் கதவு தேக்காக இருந்தால் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ்.

பீரோ, பழைய பேப்பர்க் கட்டு, பரணில் இருக்கும் அண்டா எல்லாம் முன்பே போய்விட வேண்டும். இதுதான் மனசுக்குக் கஷ்டமான வேலை, அம்மாவை அழைத்துவந்து இரண்டு நாள் பொறுமையாகச் செய்யுங்கள், ஆள் வைத்து அள்ளிப் போடாதீர்கள். வீட்டுப் பத்திரமே சில சமயம் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கும்.

வாசலை மறந்துவிடாதீர்கள். கதவு சாத்தி, கேட்டில் துருப்பிடித்த பூட்டு, வாசலில் சருகு என்று இருந்தால் ரொம்ப நாளாக விலைபோகாத வீடு என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தில் ஒரு அம்மாவிடம் மாதம் கொஞ்சம் கொடுத்துத் தினமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள். வேப்பமரம் இருந்தால் வெட்டாதீர்கள், காய்ந்த கிளையை மட்டும் கழியுங்கள்.

காகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. வீடு அப்பா பெயரில் இருந்து, உயில் எதுவும் இல்லை என்றால் அம்மா, அண்ணன், நீங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம், சொத்துவரி ரசீது, ஈபி கார்டு, வில்லங்கச் சான்று எல்லாம் பெயிண்டருக்கு முன்னால் கையில் இருக்கட்டும். பட்டாவுக்கு இப்போதே விண்ணப்பித்தால்தான் தைக்குள் வேலை ஆகும். பழுது பார்த்த பில்களை வைத்திருந்து ஆடிட்டரிடம் காட்டுங்கள், பெயிண்ட் மாதிரி பராமரிப்புச் செலவு வரிக்கணக்கில் பொதுவாகச் சேராது, பெரிய கட்டுமான வேலை சேரலாம்.

முதலில் அந்தப் பென்சில் கோடுகளைப் போட்டுவிட்டு ஒரு வாரத்துக்குப் பிறகு போட்டோ எடுத்து அனுப்புங்கள். எங்கே கொத்த வேண்டும், எங்கே கை வைக்கவே வேண்டாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அண்ணன் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.