மஞ்சத்தூள் இருக்கு, வெயில் இருக்கு, படம் பண்ணலாம்!
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என் பையன் நாலாவது படிக்கிறான். எந்நேரமும் எதையாவது வரைஞ்சுட்டே இருப்பான், சயின்ஸ்னா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குவான். சின்னவளுக்கு ஆறு வயசு, அண்ணன் செய்றதெல்லாம் தானும் செய்யணும்னு அடம். லீவுல ரெண்டு பேரும் சேர்ந்து செய்ற மாதிரி, வரையறதும் இருக்கணும், சயின்ஸும் இருக்கணும், பெருசா செலவும் ஆகக்கூடாது, அப்படி ஏதாவது சொல்லுங்களேன். கடையில கிட் வாங்கிக் குடுத்தா ஒரே நாள்ல மூலைல போட்டுடறாங்க.
– வாசகி, விருதுநகர்

பதில்: கிட்டே வேணாங்க. உங்க ஊர் வெயிலும் அஞ்சறைப் பெட்டி மஞ்சத்தூளும் போதும். வெள்ளை வேட்டில சாம்பார் சிந்தினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், சோப்பு போட்டதும் கறை செவந்து போகும், நல்லா அலசினா திரும்ப மஞ்சளாகும், வெயில்ல காயப்போட்டா மெல்ல மெல்ல மங்கிடும். நம்ம வீட்டுல தினம் நடக்கற இந்த விஷயத்தை வச்சே ஒரு படம் பண்ணிடலாம், அதுவும் கேமரா இல்லாம எடுக்கற போட்டோ!

ஒரு டீஸ்பூன் மஞ்சத்தூள் எடுத்துக்கங்க, சமையல் மஞ்சள்தான், கஸ்தூரி மஞ்சள் வேணாம், அதுல நிறம் குடுக்கற சத்து ரொம்பக் கம்மி. அதுல ஒரு 50 மில்லி சானிட்டைசர் ஊத்திக் கலக்குங்க, ஜெல் இல்ல, தண்ணி மாதிரி இருக்கற ஆல்கஹால் சானிட்டைசர். ஏன் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு பையன் கேப்பான், கேக்கலைன்னா ரெண்டு டம்ளர்ல ரெண்டையும் தனித்தனியா கலக்கிக் காட்டுங்க. மஞ்சளோட நிறம் குர்குமின்ங்கற பொருள்லேர்ந்து வருது, தூள்ல அது பொதுவா 2-லேர்ந்து 5 சதவீதம்தான் இருக்கும், அது தண்ணில கரையவே கரையாதுன்னு சொல்லலாம், ஆல்கஹால்ல நல்லா கரையும். அதனால தண்ணி டம்ளர்ல தூள் அப்படியே அடில தங்கிடும், சானிட்டைசர் டம்ளர்ல மேல தெளிவா பொன் நிறத்துல நிக்கும். அந்தத் தெளிவைத்தான் மெல்லிசான காட்டன் துணில வடிகட்டி எடுக்கணும். இந்த வேலை மட்டும் நீங்க செய்ங்க, ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க, அடுப்பு விளக்கு பக்கத்துல வேண்டவே வேண்டாம், சட்டுனு பத்திக்கும்.

அடுத்து டிராயிங் பேப்பர்ல பிரஷ்ஷால பூசி, இருட்டு ரூம்ல காய வச்சு, காஞ்சதும் இன்னொரு கோட். கீழ பழைய நியூஸ்பேப்பர் போட்டுக்கங்க, பசங்களுக்குப் பழைய சட்டை மாட்டி விடுங்க.

இப்பதான் வரையறவனோட வேலை. அந்த மஞ்சத் தாள் மேல எதை வச்சு மறைக்கறோமோ அது மஞ்சளாவே நிக்கும், மத்த இடம் வெயில்ல வெளுத்துடும். சின்னவளுக்கு இலை குடுங்க. முருங்கை இணுக்கு அவ்ளோ அழகா வரும், குட்டிக் குட்டியா ஒவ்வொரு இலையும் தனியாத் தெரியும், வேப்பிலையோட பல்லு பல்லான ஓரம்கூட அப்படியே விழும். பறிச்ச உடனே வைக்காதீங்க, கண்ணாடிக்கு அடில ஈரம் வேர்த்து தாள் திட்டுத் திட்டா ஆயிடும், ஒரு நாள் கனமான புக்குக்கு அடில வச்சு எடுங்க. பெரியவன் ஒரு டிரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் ஷீட்ல கருப்பு பர்மனென்ட் மார்க்கரால என்ன வேணா வரையட்டும், கோடு கோடா இல்லாம நல்லா ரொப்பி வரையச் சொல்லுங்க. மேல பழைய போட்டோ பிரேம் கண்ணாடிய வச்சு நாலு பக்கமும் கிளிப் போட்டு, காலைல பத்து மணிக்கு மொட்டை மாடில வச்சா சாயந்திரம் மூணு நாலு மணிக்குள்ள ஓரமெல்லாம் வெளுத்து கிரீம் கலருக்கு வந்துடும், மேகமா இருந்தா மறுநாளும் வைங்க. நடுவுல இலையைத் தூக்கித் தூக்கிப் பாக்கக்கூடாது, நகர்ந்துட்டா படம் ரெட்டையா விழும்.

கடைசியா ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைச்சு, அதைப் பிரஷ்ஷால தாள் முழுக்கப் பூசச் சொல்லுங்க. மறைஞ்சிருந்த இடம் மட்டும் கண்ணு முன்னாடியே ஆரஞ்சாகி, செங்கல் நிறத்துக்குப் போகும், சுத்தி வெளுத்த இடம் பெருசா மாறாது. குர்குமின் காரத்தோட (மிளகாக் காரம் இல்ல, ஆப்பசோடா, சோப்பு மாதிரி புளிப்புக்கு எதிரான பொருள்) சேரும்போது அதுலேர்ந்து ஹைட்ரஜன் கழண்டு அதோட அமைப்பு மாறுது, அதனால அது உறிஞ்சுக்கற வெளிச்சமும் மாறி, நம்ம கண்ணுக்குச் செவப்பாத் தெரியுது. வெயில் பட்ட இடத்துல குர்குமினே உடைஞ்சு போச்சு, அங்க மாறறதுக்கு ஆள் இல்ல. ஆனா இந்த விளக்கத்தைப் படம் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடாதீங்க, தயவு செஞ்சு. அந்தக் கலர் மாறுற நிமிஷத்துல அவனே ஏம்மான்னு கேக்கணும், சயின்ஸ்னா மூஞ்சியத் திருப்பிக்கற பசங்களுக்கு அந்த ஒரு கேள்வி அவங்க வாய்லேர்ந்தே வர்றது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன்.

இது ஏதோ புதுசா வந்த டிரெண்ட் இல்ல. இங்கிலாந்துல ஜான் ஹெர்ஷல்ங்கற விஞ்ஞானி 1842-லயே பூச்சாறு, இலைச்சாறு எல்லாம் காகிதத்துல பூசி வெயில்ல வச்சு இப்படிப் படம் எடுத்துப் பாத்திருக்கார். அவரைத் தொடர்ந்து ஸ்காட்லாந்துல பிறந்த மேரி சாமர்வில்ங்கற அம்மாவும் செடிச் சாறுகளை வெளிச்சத்துல வச்சு ஆராய்ச்சி பண்ணி ஹெர்ஷலுக்கு எழுதினாங்க, அவர் அதை ராயல் சொசைட்டிங்கற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு அனுப்பினார். உங்க பொண்ணுகிட்ட இந்த அம்மாவைப் பத்தி அவசியம் சொல்லுங்க.

கேள்வி: ஏழாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்துல மஞ்சள் தடவின தாள்ல சோப்புத் தண்ணியால பூ வரையற வாழ்த்து அட்டை இருந்துச்சு, எங்க பொண்ணும் செஞ்சா. வரைஞ்சப்போ நல்ல செவப்பு, கொஞ்ச நாள்ல மங்கிப் போச்சுன்னு அழறா. நிலைக்க வைக்க வழி இருக்கா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முழுசா நிலைக்க வைக்க வழி இல்லைங்க, ஹெர்ஷல் காலத்துலயே இதான் பிரச்சினை, படத்தை நிறுத்தி வைக்கத் தெரியாமத்தான் இந்த முறை பெருசா பரவல. குர்குமினுக்கு ரெண்டு எதிரி, வெளிச்சம் ஒன்னு, காரம் இன்னொன்னு. செவப்பு ஆக்கற காரமே போகப் போக அதை உடைச்சிடும். அட்டையை சுவத்துல மாட்டாம ஏதாவது நோட்டுக்குள்ள வச்சா ரொம்ப நாள் வரும். இல்லைன்னா படம் நல்லா இருக்கும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுட்டு, அசலை ஜன்னல்ல ஒட்டி வாராவாரம் எவ்ளோ மங்குதுன்னு தேதி போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அழுகை நின்னுடும்.

கேள்வி: ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா ரத்தச் செவப்பா வருமே, ஆப்பசோடாவுக்குப் பதிலா வெத்தலைச் சுண்ணாம்பு போட்டா இன்னும் எடுப்பா இருக்காதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எடுப்பாத்தான் இருக்கும், சந்தேகமே இல்ல. ஆப்பசோடாத் தண்ணியோட பிஎச் (புளிப்பா காரமான்னு சொல்ற அளவு, 7-க்கு மேல போகப் போக காரம் ஜாஸ்தி) 8-ஐ ஒட்டித்தான், தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி 12-க்கு மேல. ஆனா குழந்தைங்க கைல சுண்ணாம்பைக் குடுக்கவே குடுக்காதீங்க. பாக்கெட்ட அமுக்கி விளையாடும்போது பீச்சிக் கண்ணுல அடிச்சு, கருவிழியே வெந்து பார்வை போன குழந்தைங்க இருக்காங்க, கண் டாக்டர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கற விஷயம் இது. தப்பித் தவறி பட்டுட்டா தேய்க்காம, உடனே சுத்தமான தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவுங்க, 20 நிமிஷமாவது, கழுவின கையோட கண் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். செவப்பு பத்தலைன்னா துணி துவைக்கற சோப்புத் தண்ணில வரைஞ்சு பாருங்க, அதுவே நல்லா வரும்.

கேள்வி: எலுமிச்சம்பழச் சாறு தடவினா மஞ்சத் தாள்ல ஒன்னுமே ஆகலையே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆகாது. புளிப்புல மஞ்சள் மஞ்சளாவேதான் இருக்கும். சோடா பட்டு செவந்த இடத்துல தடவுங்க, பழையபடி மஞ்சளாகும், செவப்பு படத்துக்குள்ள மஞ்சக் கோடு வரைய இதான் வழி. புளிப்புக்கு நிறம் மாறணும்னா சங்குப்பூவைச் சுடுதண்ணில போட்டு அந்த நீலச் சாயத்தை வேற தாள்ல பூசுங்க, எலுமிச்சை பட்டா ஊதாவாகி ரோஸ் பக்கம் போகும், ஆப்பசோடா பட்டா பச்சை அடிக்கும். மஞ்சத் தாளையும் சங்குப்பூ தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, வீட்டுல இருக்கற மோர், புளித்தண்ணி, ஷாம்பு, அடுப்புச் சாம்பல் கரைச்ச தண்ணின்னு ஒவ்வொரு சொட்டா விட்டுப் பாக்கச் சொல்லுங்க. சாம்பல் தண்ணில ரெண்டுமே மாறும். மோர் பட்டா மஞ்சத் தாள் அசையாது, நீலத் தாள் மட்டும் ஊதாப் பக்கம் நகரும். ஷாம்புல என்ன ஆகுதுங்கறது நீங்க வாங்கற ஷாம்பைப் பொறுத்தது, அதைப் பசங்களே கண்டுபிடிக்கட்டும்.