பயாப்ஸி முடிவு வரும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ஒரு மாதமாக வலது நெற்றிப்பொட்டில் வலி. சீப்பு பட்டாலே தலை வலிக்கிறது என்கிறார். சப்பாத்தியை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை வலித்து, பாதியில் நிறுத்திவிடுகிறார். 'ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்' என்று சந்தேகிக்கும் டாக்டர், பயாப்ஸிக்கு (நெற்றிப்பொட்டுத் தமனியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) முன்பே ஸ்டீராய்டு எழுதித் தந்துவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். இன்றே தொடங்குங்கள்.

உடலின் எதிர்ப்பு சக்தியே தமனிகளின் சுவரைத் தாக்கும் நோய் இது. சுவர் வீங்கி, ரத்தம் செல்லும் பாதை குறுகிவிடும். மெல்லும் தசைகளுக்குப் போதிய ரத்தம் கிடைக்காததால்தான் தாடை வலிக்கிறது. மெல்வதை நிறுத்தினால் வலி அடங்கும். இந்த நோய்க்கான அறிகுறிகளில் நான் மிகவும் அஞ்சுவது இந்தத் தாடை வலிக்குத்தான். ஏனென்றால், பார்வை நரம்புக்குச் செல்லும் தமனிகளும் இப்படியே அடைபடக்கூடும். அப்படிப் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் சில நாட்களிலேயே மறு கண்ணும் பாதிக்கப்படலாம்.

வட ஐரோப்பியர்களிடம் அதிகமாகவும் நம்மவர்களிடம் குறைவாகவும் காணப்படும் நோய் என்பதால், சாதாரணத் தலைவலி என்றே பலருக்கு நாட்கள் கடந்துவிடுகின்றன. உங்கள் டாக்டர் விரைந்து சந்தேகித்தது அம்மாவின் நல்ல காலம்.

மாத்திரை தொடங்கி ஓரிரு வாரங்கள் வரை பயாப்ஸியில் நோயின் தடயம் தெரியும். அதனால் பரிசோதனை வீணாகாது. வீக்கம் தமனி முழுவதும் சீராக இருக்காது, விட்டுவிட்டு இருக்கும். எனவே பயாப்ஸியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்தே டாக்டர் தீர்மானிப்பார்.

சர்க்கரை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வழக்கமாகத் தொடங்கும் அளவு தினமும் 40 முதல் 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. சர்க்கரை நிச்சயம் ஏறும். காலையில் மாத்திரை போடுபவர்களுக்கு மதியத்துக்குப் பிறகே அதிகம் ஏறுவதால், வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மதிய உணவுக்குப் பின்பும் மாலையிலும் பாருங்கள். தேவைப்பட்டால் இன்சுலினைச் சேர்த்தோ கூட்டியோ சமாளிக்கலாம். எலும்புக்காகக் கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள்.

தலைவலி பெரும்பாலும் சில நாட்களிலேயே நின்றுவிடும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளில் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க 'டோசிலிசுமாப்' ஊசியும் உண்டு, விலை அதிகம்.

பார்வை திடீரென மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு கண்ணில் திரை விழுந்து விலகினாலோ, நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.