கார் ஸ்பீக்கரை வீட்டிலேயே மாற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

காரோடு வந்த ஸ்பீக்கர்களை மாற்றுவது குறித்து மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: எங்களுடையது 7 ஆண்டுப் பழைய சிறிய கார். கம்பெனி ஸ்பீக்கரில் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. நான்கு கதவு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், தாழ்ந்த ஒலிக்கான சப்-ஊஃபர் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவன் நான். நானே மாற்றிக்கொள்ளலாமா? எதில் தொடங்குவது? – செம்பூர் வாசகர்

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம். முன் கதவுகள் இரண்டில் மட்டும் தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபையரையும் சப்-ஊஃபரையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கம்பெனி ஸ்பீக்கர் என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் சட்டத்தில் காகிதக் கூம்பும் சிறிய காந்தமும் வைத்துச் சிக்கனமாகச் செய்யப்பட்டது. அதை மாற்றினால் பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிட்டுக் கதவை அப்படியே விட்டுவிட்டால், செலவழித்த பணத்தில் பாதிக்குத்தான் பயன் கிடைக்கும்.

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்கு அந்தக் கதவேதான் பெட்டி. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர் என்பதால், கதவின் உள்தகட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாகவும், ஸ்பீக்கரின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகவும் பின்பக்க அலை எளிதாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடுகிறது. தொப்பியின் கும்கி என்னும் தாழ்ந்த நாதம் உங்கள் காதுக்கு வராமல் போவதற்குக் காரணம் இதுதான். வலந்தலையின் கூர்மையான ஒலிக்கு அலைநீளம் குறைவு என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுங்கள். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ஸ்டீரியோ மறுபடி ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். அடுத்தது கதவின் உள்பேட், அதாவது உள்பக்க மூடுபலகை. கைப்பிடிக் குழிக்குள் ஒரு சின்ன மூடியும் ஆர்ம்ரெஸ்ட் அடியில் இன்னொன்றும் இருக்கும், ஸ்க்ரூக்கள் அவற்றின் அடியில்தான் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றியபின் பேடின் கீழ்விளிம்பில் பிளாஸ்டிக் நெம்புகோலைச் செருகி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே வந்து, கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து அது விடுபடும். அப்படியே இழுத்துவிடாதீர்கள், பூட்டுக் கம்பியும் கண்ணாடி ஸ்விட்சின் ஒயர் இணைப்பான கப்ளரும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். கிளிப் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்திருங்கள்.

பல கார்களில் கம்பெனி ஸ்பீக்கர் ஸ்க்ரூவில் அல்லாமல் ரிவெட்டில் பொருத்தப்பட்டிருக்கும். ரிவெட்டின் தலையை மட்டும் டிரில்லால் அறுத்துவிட்டு, உள்ளே விழுந்த இரும்புத் துகள்களை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். காந்தம் இருக்கும் இடத்தில் இரும்புத்தூள் கிடந்தால் அது புது ஸ்பீக்கருக்குத்தான் கேடு. கம்பெனி ஸ்பீக்கரின் சட்டத்தோடேயே ஒரு தடித்த வளையம் சேர்ந்திருக்கும். புது ஸ்பீக்கருக்கு அது இராது, தனி வளையம் வாங்கித்தான் பொருத்த வேண்டும். கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, காந்தத்தின் பின்புறம் அதில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்க்ரூவை முடுக்குங்கள். 6.5 அங்குல ஸ்பீக்கர் எல்லாமே ஒரே ஆழம் உடையவை அல்ல.

அதற்குப்பின் கதவுத் தகடு. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டைத் துடைத்து, அலுமினியத் தாள் ஒட்டிய, தகட்டின் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்டை உருளையால் நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கூரைக்குப் பயன்படும் தார் ஷீட்டை ஒட்டினால் வெயிலில் இளகி வழியும், நாற்றமும் போகாது. உள்தகட்டில் ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டி இடைவெளியை அடைக்க வேண்டும். பத்து ரூபாய்ப் பட்டைதானே என்று இதை விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியைக் காப்பாற்றுவதில் இதற்கு இணையான மலிவான வழி வேறில்லை.

கேள்வி: என் ஸ்டீரியோவில் 50 வாட் x 4 என்று எழுதியிருக்கிறது. நான் பார்த்துவைத்த ஸ்பீக்கரின் பெட்டியில் 300 வாட் என்று இருக்கிறது. ஸ்டீரியோவால் அதை இயக்க முடியுமா? – முலுண்ட் வாசகி

பதில்: இரண்டு எண்களையுமே ஒதுக்கிவைத்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையர் அந்த 14.4 வோல்ட்டை முழுமையாகப் பயன்படுத்தினாலும் 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்குச் சீரான ஒலியாகத் தரக்கூடியது கணக்குப்படி 26 வாட்டுக்குள்தான். இடையில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவில் நிற்கும். 50 வாட் எங்கிருந்து வந்தது என்றால், ஒலியைச் சதுர அலையாகச் சிதைத்து, அதாவது கேட்கவே முடியாத அளவுக்கு இரைச்சலாக்கி, 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிடைக்கும் 51.8 தான் அது. பெட்டியில் போட்டிருக்கும் 300 வாட்டும் கண நேர உச்ச அளவே. நீங்கள் தேட வேண்டியது, தொடர்ச்சியான சக்தியைக் காட்டும் ஆர்.எம்.எஸ். என்ற எண். சி.டி.ஏ. 2006 என்னும் அளவுமுறைப்படி மதிப்பிட்டது என்று ஸ்டீரியோவின் கையேட்டில் போட்டிருந்தால், அந்த எண் 14.4 வோல்ட், 4 ஓம், 1 விழுக்காட்டுக்கு மிகாத சிதைவு என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டது, அதை நம்பலாம்.

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை வாட்டைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி எழும்புகிறது என்ற அளவு. 89 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 92 டெசிபல் ஸ்பீக்கருக்கும் உள்ள 3 டெசிபல் வேறுபாடு, ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஸ்டீரியோவின் 20 வாட்டை மட்டுமே நம்பியிருப்பவர்கள் 90 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கரை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில நிறுவனங்கள் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளந்திருப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட் ஆகிவிடுவதால், எண் 3 டெசிபல் கூடித் தெரியும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது அளவுமுறை ஒன்றுதானா என்று பாருங்கள். 2 ஓம், 3 ஓம் ஸ்பீக்கர்களும் விற்பனைக்கு இருக்கின்றன. ஸ்டீரியோவின் கையேடு குறைந்தது 4 ஓம் வேண்டும் என்று சொன்னால் அவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே இரண்டு கோஆக்ஸியல் (உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கரும் நடுவிலேயே சேர்ந்திருக்கும் வகை) ஸ்பீக்கர்களை மாற்றினேன். ஜால்ரா, வயலின் எல்லாம் துல்லியம். ஆனால் பேஸ் முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஸ்பீக்கர் பழுதாக இருக்குமா? – டோம்பிவிலி வாசகர்

பதில்: ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பாருங்கள். ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறிப்போயிருந்தால் ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். தாழ்ந்த ஒலிகள் காருக்குள்ளேயே ஒன்றையொன்று தின்றுவிடும். சோதிப்பது எளிது. நடுநிலையில் இருக்கும் பேலன்ஸை முழுவதும் வலப்பக்கம் தள்ளிக் கேளுங்கள். ஒரே ஒரு ஸ்பீக்கர் பாடும்போது பேஸ் கூடுகிறது, இரண்டும் சேர்ந்தால் குறைகிறது என்றால் ஐயமே வேண்டாம், ஒயர்தான் மாறியிருக்கிறது. ஒயரின் நிறத்தை நம்பி இணைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது, ஏனென்றால் நிறங்கள் காருக்குக் கார் வேறுபடும்.

கழற்றி வைத்த பழைய ஸ்பீக்கர் இருக்கிறதல்லவா, அதன் முனைகளில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். கப்ளரில் அந்த முனைக்கு நேராக வரும் ஒயரே பிளஸ் ஒயர். பேட்டரியை ஸ்பீக்கரில் மட்டுமே தொட வேண்டும், ஸ்டீரியோவுக்குப் போகும் ஒயரில் ஒருபோதும் தொடக்கூடாது.

ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அதையும் இந்த முறை சரிசெய்துவிடுங்கள். மும்பையின் ஈரக்காற்றில் டேப் பசை இளகி, செம்பு பச்சை பூத்துவிடும். உங்கள் காருக்கு உரிய கப்ளர் ஒயர் தனியாகக் கிடைக்கும், கம்பெனி ஒயரை வெட்டவே வேண்டியதில்லை. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்கு நடந்தால் ஒயரில் நசுக்கி மாட்டும் கிரிம்ப் முனைகளும் ஒயரும் சில்லறையாக வாங்கலாம். ஒயர் சரியாக இருந்தும் பேஸ் வரவில்லையென்றால், செம்பூர் வாசகருக்குச் சொன்ன நுரைப்பட்டைதான் அடுத்தது.

கேள்வி: மழைக்காலத்துக்கு முன் ஸ்பீக்கர் மாற்றினோம். ஜூலையில் பெய்த மழையில் முன்பக்கக் கால்மிதி நனைந்துவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? – மாட்டுங்கா வாசகி

பதில்: பெரும்பாலும் உண்டு. கதவுக்குள் மழைநீர் போவது பழுதல்ல. கண்ணாடியின் ஓரத்து ரப்பர் பட்டை முழு நீரையும் தடுக்காது. உள்ளே இறங்கும் நீர் கதவின் அடிவிளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் காரை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது உள்பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்துவிட்டோ, அரைகுறையாக ஒட்டியோ பேடை மூடியிருப்பார்கள். பேடைத் திறந்து அந்தத் தாளைப் பியூட்டைல் பசைக்கயிற்றால் சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்டச் சொல்லுங்கள். தாளின் கீழ்ப்பகுதி கதவின் உள்புறமாகச் சரிந்திருக்க வேண்டும், நீர் அதன்மேல் வழிந்து மறுபடி கதவுக்குள்ளேயே விழும். டேம்பிங் ஷீட் ஒட்டியவர் அடித்துளைகளை மூடிவிட்டாரா என்பதையும் பாருங்கள். மூடியிருந்தால் கதவு தொட்டியாகி, சில ஆண்டுகளில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கு அடியில் வைத்த வளையம் எதனால் ஆனது என்றும் கேளுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்றால் இரண்டு மழைக்காலத்தில் உப்பி, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போகும். பிளாஸ்டிக் வளையமே இந்த ஊருக்கு ஏற்றது. ஸ்பீக்கரும் பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உடையதாக இருப்பது நல்லது. நுரை விளிம்பு உடைய ஸ்பீக்கர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அது நாளடைவில் பொடிந்து உதிர்ந்துவிடும்.

கேள்வி: பின்கதவு ஸ்பீக்கர்களையும் மாற்றுவது அவசியமா? – சயான் வாசகர்

பதில்: பின்னிருக்கையில் நாள்தோறும் ஆள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் முன்கதவுகளுக்கு இன்னும் ஒருபடி நல்ல ஸ்பீக்கர் வாங்குவதே மேல்.

கேள்வி: புதுக் கார், வாரன்டி இன்னும் இருக்கிறது. கதவைத் திறந்தால் ஏர்பேக் கெட்டுவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். – தாணே வாசகர்

பதில்: நண்பர் சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். பக்கவாட்டு மோதலை உணர்வதற்காகச் சில கார்களில் முன்கதவுக்குள் அழுத்த உணரி வைத்திருக்கிறார்கள். கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் சட்டென்று கூடுவதைக் கொண்டுதான் அது ஏர்பேக்கை விரிக்க வேண்டுமா என்று கணிக்கிறது. அத்தகைய கதவில் புதிதாக ஓட்டை போடுவதும், இருக்கும் ஓட்டைகளை அடைப்பதும் அந்தக் கணிப்பைக் குழப்பக்கூடும். உங்கள் காரின் கையேட்டில் ஏர்பேக் பகுதியைப் படித்துப் பாருங்கள். அழுத்த உணரி உண்டு என்றால் கதவுக்குள் கை வைக்காமல் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டே முடிவெடுங்கள். நல்ல ஒலி வேண்டும்தான், ஆனால் உயிர்காக்கும் ஏற்பாட்டை விலையாகக் கொடுத்து அல்ல. உணரி இல்லாத கார் என்றாலும், கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளரில் இணைத்து, கழற்றிய ஸ்பீக்கர்களை வாரன்டி முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: 74 வயதான என் அப்பா காரில் ஆகாசவாணிச் செய்தி கேட்பார். சத்தம் இருக்கிறது, சொல் புரியவில்லை என்கிறார். அவருக்காக ஸ்பீக்கர் மாற்றலாமா? – செம்பூர் வாசகி

பதில்: வாங்குவதற்கு முன் ஸ்டீரியோவின் அமைப்பை மாற்றிப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. பேச்சில் சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை மெய்யெழுத்து ஒலிகள். அவற்றில் பலவும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் அந்தப் பகுதியைத்தான். ஆகவே லவுட்னெஸ் என்ற ஸ்விட்சை அணைத்து, பேஸை இரண்டு மூன்று படி குறைத்து, ஈக்வலைசர் இருந்தால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றே ஏற்றுங்கள். மீடியம் வேவ் ஒலிபரப்பில் கரகரப்பு இருந்தால் மொபைல் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

இதற்கும் சரிவரவில்லையென்றால், உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக உள்ள காம்போனென்ட் வகை ஸ்பீக்கரை முன்கதவுகளில் பொருத்துங்கள். கோஆக்ஸியலில் ட்வீட்டர் அவருடைய காலுக்குப் பக்கத்தில் இருக்கும், உயர்ந்த ஒலிகள் முழங்காலிலும் இருக்கையிலும் பட்டு நின்றுவிடும். தனி ட்வீட்டரை முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் அவர் முகத்தைப் பார்த்தபடி வைத்தால், சத்தத்தைக் கூட்டாமலே சொல் தெளியும். பெட்டியில் வரும் கிராஸ்ஓவரைத் தவறாமல் இணைக்க வேண்டும். அதில்லாமல் ட்வீட்டரை நேராக ஒயரில் மாட்டினால் தாழ்ந்த ஒலிகள் பாய்ந்து அது எரிந்துபோகும். தூணுக்குள் திரை ஏர்பேக் இருக்கும் கார் என்றால் தூணைத் தொடாமல், கதவின் மேல்மூலையில் சைடு மிரருக்குப் பின்னால் உள்ள முக்கோணத் தகட்டில் பொருத்திக்கொள்ளுங்கள்.