திண்டிவனத்து டாக்டர் குடும்பம்

கேள்வி: வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் குடும்பத்துக்கும் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டா? (வாசகி ஒருவர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அம்மாவட்டத்தின் திண்டிவனத்தில்தான் அவருடைய தந்தை ஜான் ஸ்கடர் மருத்துவப் பணி ஆற்றினார். பாட்டனார் 1819-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். அவர் பெயரும் ஜான் ஸ்கடரே. மகளின் புகழைப் பேசும் நாம், சிற்றூரில் உழைத்த தந்தையை மறந்துவிடுவது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கு முதலில் மருத்துவத்தில் நாட்டமில்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை வேண்டினார்கள். தாம் மருத்துவம் படித்தவரல்லர், தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் சொல்லியும், அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்களைத் தொடுவதற்கு மூவருமே இசையவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதன்பின் அமெரிக்கா சென்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1900-இல் தந்தை மறைந்தார். வேலூரில் சிறிய அளவில் தனியே தொடங்கிய அவருடைய பணி, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாகவும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது.