மீட்டுக் கொடுத்த ஆந்தைக் குஞ்சை ஏன் பார்க்க விடுவதில்லை?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் பூனையின் வாயிலிருந்து ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டேன். ரத்தக் காயம் எதுவும் தெரியவில்லை. அட்டைப்பெட்டியில் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துப் பார்த்தேன். குடிக்கவில்லை. மறுநாள் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் காட்டுயிர் மறுவாழ்வு மருத்துவமனையில் ஒப்படைத்தேன். ஒரு எண் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போன் செய்தால் ‘உயிரோடு இருக்கிறது’ என்கிறார்கள், ஆனால் பார்க்க அனுமதி இல்லையாம். உள்ளே என்னதான் நடக்கிறது? குணமானதும் என்னிடம் தருவார்களா?

பதில்: தர மாட்டார்கள். தருவதாக இருந்தால்தான் அந்த மருத்துவமனையை நான் சந்தேகப்படுவேன்.

முதலில் பால் விஷயம். அது குடிக்காமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. மேலிருந்து சொட்டு விட்டால் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த ஒரு நாள் தாமதம். பூனைப் பல் ஊசி போன்றது. குத்திய துளை இறகுக்கு அடியில் மூடிக்கொள்ளும், ரத்தமே வராது. ஆனால் பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் பறவை செத்துவிடும். அதனால் பூனை கவ்வியது என்று தெரிந்தாலே, காயம் தெரியாவிட்டாலும் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். மூன்று வாரம் தாண்டிவிட்டதால் அந்தக் கண்டம் கழிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஒப்படைத்ததும் குஞ்சை ஒரு இருட்டான, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டு யாரும் தொடாமல் போயிருப்பார்கள். பார்ப்பவருக்கு அலட்சியம் மாதிரி இருக்கும். ஆனால் அதுதான் முதல் சிகிச்சை. காட்டுயிருக்கு மனிதக் கை என்பது வேட்டையாடியின் பிடி. பயத்தாலேயே உயிர் போவது உண்டு. கொஞ்சம் தெளிந்த பிறகு எக்ஸ்ரே, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய சலைன். இரை அதற்கும் அப்புறம்தான். பட்டினியில் காய்ந்த உடம்புக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால், ரத்தத்தில் உப்புகளின் அளவு தடுமாறி இதயமே நின்றுபோகலாம்.

இரை என்றால் முழு எலி. வெறும் இறைச்சியில் கால்சியம் போதாது, வளரும் குஞ்சின் எலும்பு வளைந்துவிடும். எலும்போடும் ரோமத்தோடும் தின்று, செரிக்காததை உருண்டையாகக் கக்குவதுதான் ஆந்தையின் வழக்கம்.

சரி, ஏன் பார்க்க விடுவதில்லை? கண் திறந்த பருவத்தில் யார் ஊட்டுகிறார்களோ, அவர்களைத்தான் குஞ்சு தன் இனம் என்று பதித்துக்கொள்ளும். அப்படி மனிதனைப் பதித்துக்கொண்ட ஆந்தை வளர்ந்ததும் இரை கேட்டு யார் தோளிலாவது வந்து உட்காரும். தாக்க வருகிறது என்று நினைத்து அவர் கம்பை எடுப்பார். தன் இனத்தில் துணையும் தேடாது. ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் மாற்ற முடியாது. அதனால் ஊட்டுகிறவர் முகத்தை மறைத்துக்கொள்வார், பேச மாட்டார். இறக்கை முறிந்து திரும்பிப் பறக்க முடியாத பெரிய ஆந்தை அங்கே இருந்தால், குஞ்சை அதனிடம் வளர விடுவார்கள். நல்லபடியாக வளர்ந்த குஞ்சு உங்களைப் பார்த்தால் அலகைத் தட்டிச் சீறும். நன்றியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த கட்டம் பெரிய பறப்புக் கூண்டு. சத்தமில்லாமல் பறக்கிறதா, இருட்டில் உயிருள்ள இரையைத் தானே பிடிக்கிறதா என்று பல இரவுகள் பார்ப்பார்கள். இறகு ஒடிந்திருந்தால் புது இறகு முளைக்கும் வரை காத்திருப்பார்கள், அல்லது உதிர்ந்த நல்ல இறகைத் தண்டோடு பொருத்துவார்கள். எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகலாம். மூட்டிலேயே முறிவு இருந்தால் மறுபடி பறப்பது கடினம். அப்போது கருணைக்கொலை என்ற முடிவும் வரலாம். அடுத்த முறை போனில் ‘இறக்கை எப்படி இருக்கிறது?’ என்று நேரடியாகவே கேளுங்கள். ஆனால் தினமும் வேண்டாம். போனை எடுப்பவரும் அங்கே ஊட்டுகிறவராகவே இருக்கக்கூடும்.

உதவ நினைத்தால் பணம்தான் நேரடி உதவி. இரைக்கே நிறையச் செலவாகும். பொருளாகக் கொடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நூல் வளையம் உள்ள துண்டைக் கொடுத்தால் அதில் பறவையின் நகம் சிக்கிக்கொள்ளும். தன்னார்வலராகப் போகலாம், ஆனால் வேலை பெரும்பாலும் துணி துவைப்பதும் கூண்டு கழுவுவதும்தான். குஞ்சைக் கொஞ்சலாம் என்று வருகிறவர்கள் இரண்டாம் வாரம் காணாமல் போய்விடுவார்கள்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். குஞ்சு கிடைத்த சரியான இடத்தை அந்த எண்ணோடு சேர்த்துப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடப் பார்ப்பார்கள். அந்த மாலை உங்களைக் கூப்பிடவும் வாய்ப்பு உண்டு. அதற்குள் வீட்டில் எலி மருந்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். பூனை உங்களுடையது என்றால், ஆந்தையை விட்ட பிறகு சில வாரங்களாவது இரவில் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.