மைனரா, பீட்டிலா? சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: 1964 மோரிஸ் மைனர் ஒன்றும் அதே வருட வோக்ஸ்வேகன் பீட்டில் 1200 ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. கேமரன் மலைக்கு எது நன்றாக ஏறும் ஐயா?

பதில்: இரண்டும் ஏறும், அவசரப்படாவிட்டால். மைனரில் 1098 சிசி இன்ஜின், 48 குதிரைத்திறன். பீட்டிலில் 1192 சிசி, வெறும் 34. தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் மலை ஏற்றுவது இழுவிசை. அது இரண்டுக்கும் ஏறக்குறைய சமம், பீட்டிலுக்குக் குறைந்த சுற்றிலேயே வந்துவிடும். தாப்பா தாண்டி ரிங்லெட் வரை வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டுமே, அங்கேதான் மைனர் முரண்டு பிடிக்கும். அதன் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது ஓடும்போதே கியர் பற்களை உரசாமல் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. ஓடும்போது போட்டால் பல் நறநறக்கும். பீட்டிலில் நாலு கியருக்கும் உண்டு.

இறங்கும்போது கதை மாறும். மைனரின் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். பீட்டிலில் வளைவுக்குள் போனபிறகு பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வால் வீசிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏற பீட்டில், இறங்க மைனர் என்பேன்!

கேள்வி: மழைக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு?

பதில்: பீட்டில். அதன் இன்ஜின் பின்னால், பாரம் முழுக்க வண்டியைத் தள்ளும் பின்சக்கரங்களின் மேல்தான்.

கேள்வி: கோயில் வாசலில் மெதுவாகத் திருப்பினேன், மைனரின் முன்சக்கரம் சாய்ந்து படுத்துவிட்டது. ஏன்?

பதில்: மெதுவாகப் போனீர்களே, தப்பித்தீர்கள். ட்ரன்னியன், அதாவது முன்சக்கரத் தண்டின் முனையைப் பிடித்திருக்கும் மறையுள்ள கூடு, கழன்றிருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் இரு முனையிலும் ஸ்க்ரூவில் இருப்பதுபோல் மறை வெட்டியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அது ட்ரன்னியனுக்குள் சுழலும். கிரீஸ் வற்றினால் மறை தேயும், பெரும்பாலும் கீழே உள்ளதுதான். முழுக்க ஒடித்துத் திருப்பும் நேரத்தில் பிடி விட்டுவிடும். புதிது போட்டபிறகு மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கிரீஸ் அடிக்கும் நிப்பிளில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்துவிட்டு, பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள்.

கேள்வி: மைனரில் புது ரேடியோ மாட்டியதும் ஃபியூஸ் போகிறது.

பதில்: அந்தக் காரில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய ரேடியோவுக்கு நேர் எதிர். பாட்டரி வயரையும் காயில் வயரையும் மாற்றி, டைனமோவின் துருவத்தையும் மாற்ற வேண்டும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் பீட்டிலில் லேசாக பெட்ரோல் வாடை வருகிறது. ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். சொட்டுவது தீப்பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். எல்லாக் குழாயையும் மாற்றுங்கள், கிளிப்பும் புதிது. அப்புறம் பின்சீட்டைத் தூக்கி, பாட்டரிக்கு மூடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், கனமான ஆள் உட்காரும்போது சீட்டு ஸ்பிரிங் பாட்டரி முனையில் பட்டு அங்கேயும் தீப்பிடிக்கும்.