நகையை அடகு வைத்து வீட்டுத்தோட்டம் போடலாமா?

கேள்வி: நாகர்கோவிலை அடுத்த வெள்ளமடம் பக்கம் 8 சென்டில் வீடு. பின்னால் 3 சென்ட் சும்மா கிடக்கிறது, இரண்டு தென்னை நிற்கிறது. கணவர் வெளிநாட்டில். நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். காய்கறிக்கும் தேங்காய்க்கும் மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. வீட்டுத்தோட்டம் அமைத்துத் தருபவர் ஒருவர் நிழல்வலை, சொட்டுநீர், டைமர், 60 பைகள், மண்கலவை, கூலி எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் சொல்கிறார். தென்னை நிழல் ஆகாது, வெட்டிவிட வேண்டும் என்கிறார். 10 சதவிகித வட்டிக்கு நகையை வைத்து, மகளின் படிப்புக்காகப் பரஸ்பர நிதியில் மாதம் கட்டும் 2,500 ரூபாய் எஸ்ஐபியை ஒரு வருடம் நிறுத்தி, அந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டலாமா? முன்பணம் 5,000 கொடுத்துவிட்டேன். மாமியார், தென்னையில் கை வைக்கக்கூடாது என்கிறார்.

பதில்: தென்னை விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. ஏன் என்பது கணக்கு போடும்போது வரும்.

முதலில் அந்த 4,000 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். பல்லாரி (பெரிய வெங்காயம்), சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் ஆகியவற்றை நம் ஊர்ச் சூட்டில் வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கட்டுப்படியாகாது. தோட்டம் எவ்வளவு செழித்தாலும் இவற்றுக்கு வடசேரி சந்தைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் காய்கறிச் செலவில் பாதி இதற்கே போகும். மீதி 2,000 ரூபாயிலும் வருடம் முழுக்க எல்லாம் கிடைக்காது. பூச்சி விழும், மழை கெடுக்கும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும்போது தண்ணீர் விட ஆள் இருக்காது. மாதம் 1,000 ரூபாய் மிச்சமானால் நல்ல தோட்டம் என்பேன்.

இனி நகைக்கடன். 1,20,000 ரூபாய்க்கு 10 சதவிகிதம் என்றால் வருடம் 12,000, மாதம் 1,000 ரூபாய். தோட்டம் தருவதை வட்டி அப்படியே வாங்கிக்கொள்கிறது, அசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் வெயில், உங்கள் தண்ணீர், உங்கள் இடுப்புவலி. லாபம் நகைக்கடன் கொடுத்தவருக்கு.

எஸ்ஐபி இதைவிடப் பெரிய விஷயம். 2,500 ரூபாய் வீதம் ஒரு வருடம் நிறுத்தினால் 30,000 ரூபாய்தானே என்று தோன்றும். படிப்புக்கு இன்னும் 8 வருடம் இருக்கிறது, வருடம் 10 சதவிகிதம் வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் (இதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது), இந்த முதல் வருடப் பணம் மட்டும் கடைசியில் சுமார் 63,000 ரூபாயாகி நிற்கும். இத்தனையையும் போட்டு நீங்கள் வாங்கப்போவது நிழல்வலையும் டைமரும். அந்த வலை எத்தனை நாள் நிற்கும்? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று வெள்ளமடத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டுக்கொடுத்த ஏத்தன் வாழையே சாய்கிற ஊர்.

நானும் பையில் தக்காளி போட்டவன்தான். 25 பை, தேங்காய்நார்க் கழிவு, நாற்று, வேப்பெண்ணெய் எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒருநாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால், பை விளிம்பெல்லாம் உள்ளங்கை அகல ஆப்பிரிக்க நத்தை. தளிரைத் தின்றுவிட்டுத் தண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, உப்புத்தண்ணீர் வாளியில் பொறுக்கிப் போட்டேன். அப்படியே பத்து நாள். கடைசியில் கிடைத்தது 11 கிலோ. அதாவது கிலோ 380 ரூபாய். அந்த மாதம் சந்தையில் தக்காளி 30 ரூபாய்க்குக் கிடைத்தது. இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

சரி, தென்னைக்கு வருவோம். நன்றாகக் கவனித்த ஒரு மரம் வருடம் 80 தேங்காய் தரும் என்று வையுங்கள். இரண்டுக்கும் 160. ஒன்று 25 ரூபாய் என்றால் 4,000 ரூபாய். வருடம் ஆறு தடவை ஏறுவதற்கு, ஒரு தடவை மரத்துக்கு 100 ரூபாய் வீதம் 1,200 கழித்தால் மிச்சம் 2,800. வங்கியில் 7 சதவிகிதத்தில் இந்த வட்டி வர 40,000 ரூபாய் வைப்புநிதி போட்டிருக்க வேண்டும். அதைத்தான் உங்களை வெட்டச் சொல்கிறார்கள்! புதிதாக நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும்.

நிழலை ஏன் எதிரியாகப் பார்க்க வேண்டும்? தென்னைக்கு அடியில் சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் வரும். தூரிலேயே நல்லமிளகுக் கொடியை ஏற்றிவிடலாம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் பக்கம் இரண்டு மட்டி வாழை. வெயில் விழும் பக்கம் மரச்சீனி (மரவள்ளி), முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, வழுதலங்காய் (கத்தரி). மதிலோரம் பந்தல் போட்டுப் பாகல், புடலை, பயறு. மரச்சீனிக் கம்பும் முருங்கைப் போத்தும் வாழைக்கன்றும் கேட்டால் அக்கம்பக்கத்தில் காசில்லாமலே கொடுப்பார்கள். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா மரச்சீனி ரகங்கள் ஆறேழு மாதத்தில் பிடுங்கத் தயாராகிவிடும். பெருச்சாளிக்கு மட்டும் ஒரு கண் வைத்திருங்கள், நமக்கு முன்னால் அது ருசி பார்த்துவிடும். விதைக்கும் சந்தேகத்துக்கும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். தோட்டக்கலைத் துறையில் மானிய விலையில் விதையோ தளையோ (தோட்டத்துக்கான பொருள் தொகுப்பு) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

முருங்கையில் ஒரு கணக்கு பலர் தப்பாகப் போடுவார்கள். மார்கழியில் காய் விலை ஏறுவது எல்லா மரத்திலும் காய்ப்பு குறைவதால்தான். உங்கள் மரத்திலும் அப்போது காய் இருக்காது, கீரை இருக்கும். சேனை அப்படியில்லை. வெட்டி எடுத்துக் காற்றோட்டமாக வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும், ஓணத்துக்கு முன்னால் விலை ஏறுகிற நேரத்தில் கை கொடுக்கும்.

செலவு மொத்தம் 6,000 ரூபாய்க்குள் நிற்கட்டும். பந்தல் கம்பு, கயிறு, எரு, ஒரு நல்ல மம்பட்டி, முதல் நாள் கிளற ஒரு ஆள் கூலி. மோட்டார் தினம் அரை மணி நேரம் ஓடினால், ஒரு குதிரைத்திறனுக்கு இரண்டு மாதத்தில் இருபத்துச் சொச்சம் யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த எல்லையைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறும்.

அப்புறம் அடுக்களையில் ஒரு நோட்டு. பறித்ததை எடை போட்டு அன்றைய சந்தை விலையோடு எழுதுங்கள். ஆனால் தோட்டம் இல்லாவிட்டால் கடையில் எதைக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களோ, அதை மட்டும்தான் எழுத வேண்டும். மட்டிக் குலை ஒரே நேரத்தில் பழுத்துப் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் அது வரவில் வராது. அவர்கள் பதிலுக்குத் தடியங்காய் தந்தால் வரும். மூன்று மாதம் எழுதியபின் சராசரி 500 ரூபாய் என்று தெரிந்தால், அந்த 500-க்கு வங்கியில் மாதாமாதம் கட்டுகிற ஒரு ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்குங்கள். இல்லையென்றால் அது எண்ணெயிலும் பிஸ்கட்டிலும் கரைந்துவிடும், தோட்டத்தால் என்ன மிச்சம் என்று அடுத்த வருடம் என்னையே கேட்பீர்கள். சொட்டுநீர் வேண்டுமென்றால் அந்த ஆர்.டி. முதிரும்போது போடலாம்.

முன்பணம் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். வேலை தொடங்காததால் பாதியாவது கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும் அதைக் காப்பாற்ற இன்னும் 1,15,000 கொடுக்காதீர்கள். தென்னையை வெட்ட ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தால், வருகிறவரை ஏறித் தேங்காய் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.